அச்சு மட்டும் மிச்சம்

பச்சை நிறத்தில் ஒரு வாஃபிளை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ கெட்டுப்போன பண்டம் என்றுதான் நினைத்தேன். சான் ஹொசேயில் ஆன்சைட்டில் இருந்த காலம். வியட்நாமுக்கு வெளியே வேறெந்த நகரத்தையும்விட அதிக வியட்நாமியர் வாழும் ஊர் அது. எங்கள் குழுவில் டெஸ்டிங் பார்த்த வியட்நாமியப் பெண் ஒருவர் வெள்ளிக்கிழமைக் காலைகளில் எண்ணெய் ஊறிய காகிதப் பையோடு வருவார். வியட்நாமியர்களும் நம்மைப்போலத்தான், ‘நான்’, ‘நீ’ என்று சொல்வதைவிட உறவுமுறை வைத்துப் பேசுவதே அதிகம். அக்காவுக்கு ‘சி’, தம்பி தங்கைக்கு ‘எம்’. அவர் எனக்கு சி ஆனார், நான் அவருக்கு எம் ஆனேன்.

“என்ன சி, வாஃபிள் பச்சையா இருக்கு?”

“முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசு.”

வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஜவ்வு. தேங்காய்ப்பால் இருப்பது நாக்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வாசனை? பாஸ்மதி அரிசி வேகும்போது மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது. ஒரு வாஃபிளில் சோற்று வாசனை எப்படி வந்தது?

பெயர் பான் கெப் லா யூவா. ‘பான்’ என்றால் மாவில் செய்யும் பண்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், நம்முடைய ‘பலகாரம்’ மாதிரி. ‘கெப்’ என்றால் இடுக்கிப் பிடிப்பது. ‘லா யூவா’ என்பது பாண்டன் இலை, ஈழத்தில் ரம்பை என்பார்கள். “இதைப் பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க. எங்கம்மா மட்டும் ஒத்துக்க மாட்டாங்க” என்றார்.

அம்மாவைப் பிறகு பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். நான் ‘பாக்’, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டதும் சிரித்துவிட்டார். மேகாங் படுகையில் உள்ள மீ தொ ஊர்க்காரர். அவருடைய அம்மா அங்கே சந்தையில் கரி அடுப்பு வைத்து வாஃபிள் சுட்டு விற்றவர். நான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். மகள் மொழிபெயர்த்த பதில் இது: “பிரெஞ்சுக்காரன் அச்சைத்தான் கொண்டுவந்தான். மாவை எங்கம்மா கரைச்சாங்க.”

சென்னைக்குத் திரும்பிய பிறகு இதை வீட்டில் செய்துபார்க்கத் தொடங்கினேன். செய்யச் செய்ய அந்த ஒற்றை வாக்கியம் எவ்வளவு துல்லியமானது என்று புரிந்துகொண்டே வந்தது. அரிசி மாவு 150 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், மைதா 50 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, முட்டை 3, சர்க்கரை 120 கிராம், எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, பதினைந்து பாண்டன் இலையின் சாறு. இதுதான் நான் கடைசியில் வந்து நின்ற அளவு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அச்சு

வாஃபிளின் வரலாறு உண்மையில் ஓர் இடுக்கியின் வரலாறு. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயத்தின் நற்கருணை அப்பத்தை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சுட்டார்கள். நீளமான கைப்பிடிகள், கீல் வைத்த தகடுகள், தகட்டில் செதுக்கிய சிலுவை. அதே இடுக்கி கோயிலைவிட்டுத் தெருவுக்கு வந்தபோது சிலுவைக்குப் பதில் கட்டங்கள் வந்தன. பாரிஸில் 1390களில் எழுதப்பட்ட ஒரு குடும்பக் கையேட்டில் வாஃபிள் செய்முறை இருக்கிறது. முட்டை, மாவு, உப்பு, அதோடு ஒயின். சர்க்கரை கிடையாது, வெண்ணிலா கிடையாது. இன்றைய பிரெஞ்சுக்காரர் யாரும் அதைத் தன் ஊர் வாஃபிள் என்று அடையாளம் கண்டுகொள்வாரா என்பது சந்தேகம்தான்.

பிரெஞ்சில் இதன் பெயர் ‘கோஃப்ர்’. இந்தச் சொல்லுக்குத் தேன்கூடு என்றும் ஒரு பொருள் உண்டு. கட்டம் கட்டமாக இருப்பதால் வந்த பெயர். இங்கே ஒரு சின்ன ஆச்சரியம். மேகாங் பகுதியில் இந்தப் பலகாரத்துக்கு இன்னொரு பெயர் ‘பான் தான் ஓங்’. ‘ஓங்’ என்றால் தேனீ, ‘தான் ஓங்’ என்றால் தேன்கூடு. பிரெஞ்சு அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தார்களா, அல்லது கட்டங்களைப் பார்த்த எவருக்கும் தேன்கூடுதான் தோன்றுமா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஒரு பொருள் கைக்கு வந்ததும் மனிதர்கள் முதலில் செய்வது அதற்குத் தங்கள் கண்ணால் பெயர் வைப்பது.

இடுக்கி பிரெஞ்சுக்காரர்களோடு மட்டும் வந்ததாகவும் சொல்லிவிட முடியாது. தென்கிழக்காசியா முழுக்க இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவில் ‘குவே செம்ப்ரோங்’, மலேசியாவில் ‘குய் கபிட்’. மெல்லிய தகடாகச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சுருட்டியோ மடித்தோ வைப்பார்கள். டச்சுக்காரர்கள் புத்தாண்டுக்குச் சுடும் சுருள் பிஸ்கட்டின் கிழக்கு உறவு. மலாயில் ‘கபிட்’ என்றாலும் இடுக்குவதுதான், வியட்நாமியத்தில் ‘கெப்’ என்றாலும் அதுவேதான். மேகாங் படுகையிலும் டெட் புத்தாண்டுக்குத் தேங்காய்ப்பால் விட்டு இப்படி மெல்லிய சுருள் செய்கிறார்கள், அதற்கும் பெயர் பான் கெப்தான். ஆக, ஆழக் கட்டங்கள் கொண்ட பிரெஞ்சு அச்சு வந்து சேர்ந்தது இடுக்கிப் பலகாரங்களின் ஒரு பெரிய குடும்பத்துக்குள். ‘பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்கு வாஃபிளைக் கொடுத்தார்கள்’ என்ற வரி இந்தக் குடும்பத்தையே மறைத்துவிடுகிறது.

என் தொழில் பாஷையில் சொன்னால் அச்சு ஓர் இன்டர்ஃபேஸ். உள்ளே என்ன ஊற்றவேண்டும் என்று அது சொல்வதில்லை. மூடினால் இந்த வடிவம் வரும், அவ்வளவுதான்.

பால்

பிரெஞ்சு வாஃபிளுக்குக் கோதுமை மாவு, பால், வெண்ணெய் வேண்டும். மூன்றுமே சைகோனில் பிரச்சினை.

பிரெஞ்சு-ஸ்பானியக் கடற்படை 1858இல் தூரானைத் தாக்கியது. இன்றைய டா நாங். 1859 பிப்ரவரியில் சைகோன் விழுந்தது. 1862 ஒப்பந்தத்தில் தெற்கின் மூன்று மாகாணங்கள் பிரான்சுக்குப் போயின. அந்தத் தெற்குப் பகுதிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் கொச்சின்சீனா. அங்கே கோதுமை விளையாது. மாவு கப்பலில் வரவேண்டும். வெண்ணெய் தகர டப்பாவில் வரவேண்டும். பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரனாகவே இருப்பதற்கு மார்செய் துறைமுகத்திலிருந்து சூயஸ் வழியாக ஒரு முழுக் கப்பல் பாதை தேவைப்பட்டது. உணவு அங்கே அந்தஸ்து. ரொட்டி தின்பவன் ஆள்பவன், சோறு தின்பவன் ஆளப்படுபவன்.

பால் இன்னும் சிக்கல். வியட்நாமிய விவசாயிகள் மாட்டை உழவுக்கு வைத்திருந்தார்களே தவிரப் பால் கறந்து குடிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அப்படியானால் சைகோனில் ஐரோப்பியர்களுக்குப் பால் எங்கிருந்து வந்தது? இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நகரத்தில் பசு வளர்த்துப் பால் விற்றவர்களில் தமிழர்கள் இருந்தார்கள்.

பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரான்சின் கையில் இருந்ததால் அங்கிருந்து சைகோனுக்கு வழி திறந்திருந்தது. 1881இல் வந்த ஓர் ஆணை, தங்கள் சாதி மத வழக்குச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க இந்தியர்களுக்கு வழி செய்தது. அப்படிக் கைவிட்டவர்கள் சைகோனில் போலீஸ்காரர்களாக, வரி வசூலிப்பவர்களாக, குமாஸ்தாக்களாக வேலை பார்த்தார்கள். ஓட்டும் போட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து நகரத்தார் வட்டிக்கடை வைக்கப் போனார்கள். வண்டியோட்டிகள், காவலாளிகள், பால்காரர்கள் என்று மற்றவர்களும் போனார்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே ஊதுபத்தி ஏற்றுபவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர்க்காரர்கள். அம்மனுக்கும் அச்சின் கதைதான் போல.

காலனி காலச் சைகோனில் ஒரு பிரெஞ்சு வீட்டின் சமையலறையைக் கற்பனை செய்து பார்க்கிறேன். கப்பலில் வந்த மாவு, டப்பா வெண்ணெய், தமிழர் கறந்த பால். கலக்கிச் சுடுவது வியட்நாமியச் சமையல்காரர். அந்தக் கை அச்சைப் பழகிக்கொண்டது. ஆனால் தன் வீட்டில், தன் பிள்ளைக்குச் சுட வேண்டுமென்றால் அந்தக் கை எதைத் தேடும்? கொல்லையில் நிற்கும் மரத்தை. மீ தொவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் பென் ட்ரே, தென்னைக்குப் பேர்போன பகுதி. பால் வேண்டுமா, தேங்காயை உடை. வெண்ணெய் வேண்டுமா, அந்தப் பாலிலேயே கொழுப்பு இருக்கிறது.

மாவு

கோதுமையை விட்டுவிட்டு அரிசிக்கு மாறியதை ‘உள்ளூர்ச் சரக்குக்கு ஏற்ற தழுவல்’ என்று சமையல் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். அரிசி அவ்வளவு லேசாக ஒரு வரியில் கடக்கக்கூடிய விஷயமில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் மேகாங் படுகை முழுக்கக் கால்வாய் வெட்டினார்கள். 1880இல் ஐந்து லட்சம் ஹெக்டேரை ஒட்டி இருந்த நெல் வயல், 1930களின் பிற்பகுதியில் 22 லட்சம் ஹெக்டேர் ஆயிற்று. நான்கு மடங்கு. இந்தோசீனாவின் முதல் ரயில் பாதை 1885இல் சைகோனிலிருந்து மீ தொவுக்குத்தான் போடப்பட்டது. அரிசி உலகச் சந்தைக்கு ஓடியது. நிலம் பெரிய பண்ணையாளர்கள் கையில் சேர்ந்தது. உழுதவர் குத்தகைக்காரர். பண்ணையாளருக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம் நகரத்தார். 1930களின் மந்தத்தில் அரிசி விலை சரிந்தபோது, கடனுக்கு ஈடாக வைத்த நிலங்கள் அவர்கள் கைக்கும் வந்தன.

இதை எழுதும்போது கொஞ்சம் நெளிகிறேன். கடல் கடந்து சாதித்த தமிழர் என்று மார்தட்டும் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஆள் நான். காரைக்குடிப் பக்கம் போய் அந்த வீடுகளின் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். அந்தத் தூண்களுக்குப் பின்னால் பர்மாவின் வயல் மட்டுமல்ல, மீ தொ பக்கத்து வயலும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. வெள்ளைக்காரனுக்குக் கீழே இருந்த தமிழர், வியட்நாமியக் கடனாளிக்கு மேலே இருந்தார். இரண்டும் உண்மை.

அரிசியின் மிக மோசமான ஆண்டு 1945. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் இந்தோசீனாவுக்குள் வந்து, பிரெஞ்சு நிர்வாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அரிசி கேட்டது. நிர்வாகம் விவசாயியிடமிருந்து கட்டாயக் கொள்முதல் செய்தது. வடக்கில் நெல் வயலில் சணலும் எண்ணெய் வித்தும் போடச் சொன்னார்கள். அறுவடை பொய்த்தது. தெற்கிலிருந்து அரிசி கொண்டுபோகும் ரயிலையும் கப்பலையும் நேச நாட்டுக் குண்டுகள் உடைத்தன. 1944-45 பஞ்சத்தில் வடக்கில் செத்தவர்களின் எண்ணிக்கையை நான்கு லட்சத்திலிருந்து இருபது லட்சம்வரை வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அதே சமயம் தெற்கே, நிலக்கரி வராததால் சைகோனின் மின் நிலையத்தில் நெல்லையும் மக்காச்சோளத்தையும் எரிபொருளாக எரித்தார்கள். ஒரு நாட்டின் ஒரு முனையில் சோறில்லாமல் சாவு, மறுமுனையில் நெல் எரிந்து விளக்கு.

ஆகவே அரிசி மாவில் வாஃபிள் சுடுவது என்பது அந்த மண்ணில் ஒரு சாதாரணத் ‘தழுவல்’ ஆக எனக்குத் தெரியவில்லை. கப்பலேற வேண்டியது, வட்டிக்குப் போக வேண்டியது, வரிக்குப் போக வேண்டியது எல்லாம் போய், கையில் மிஞ்சிய அரிசியை இடித்து இனிப்பாக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது. அந்தக் காலனி அரசு உப்பு, சாராயம், அபினி மூன்றையும் ஏகபோகமாக வைத்துக் கணக்கெழுதியது. சந்தையில் குந்தியிருந்து வாஃபிள் சுட்ட பெண்ணைப் பற்றி எழுத அந்தக் கணக்கில் பத்தி இல்லை. அவளுடைய ஆவணம் என்பது அந்த மாவு மட்டுமே.

மாவின் சூட்சுமமும் லேசானதில்லை. கோதுமையில் குளூட்டன் இருக்கிறது, அது வலைபோல் பின்னிக் காற்றைப் பிடித்துவைக்கும். அரிசியில் அது கிடையாது. அரிசி மாவு மட்டும் ஊற்றினால் மொறுமொறுவென்று வரும், ஆனால் ஆறினால் உடையும். மரவள்ளி ஸ்டார்ச் குறைந்த சூட்டிலேயே கூழாகி இழுவை கொடுக்கும். இரண்டும் சேரும்போதுதான் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஜவ்வு. நான் சேர்க்கும் ஐம்பது கிராம் மைதா என் கைப்பழக்கமின்மைக்கு ஒரு முட்டுக்கொடுப்பு. பாக் அதைக்கூடச் சேர்க்க மாட்டார்.

இலை

வெண்ணிலாவின் இடத்தில் வந்தது பாண்டன். நம்மூர்த் தாழையின் ஒன்றுவிட்ட தங்கை. தாழைக்குப் பூ மணக்கும், இதற்கு இலை மணக்கும். பூப்பது அபூர்வம். பக்கத்தில் முளைக்கும் கன்றைப் பிரித்து நட்டுத்தான் பரவுகிறது. அதாவது, மனிதர்கள் கையில் எடுத்துப் போனதால்தான் இத்தனை நாடுகளில் இருக்கிறது. என் பால்கனியில் இருப்பது நாகர்கோவில் பக்கத்து நர்சரி ஒன்றில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதைப் ‘பிரியாணிக் கைதை’ என்கிறார்கள்.

அந்தச் சோற்று வாசனைக்கு விடை கிடைத்தது வேதியியலில். 1980களின் தொடக்கத்தில் ரான் பட்டரியும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னியாவின் ஆல்பனியில், அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில், வாசனை அரிசி ஏன் மணக்கிறது என்று தேடினார்கள். கிடைத்த மூலக்கூறின் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். ஒரு கிராமை ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும், அவ்வளவு கூர்மை. பாஸ்மதியிலும் மல்லிகை அரிசியிலும் இருப்பது இதுதான். பாண்டன் இலையில் இது வாசனை அரிசியில் இருப்பதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தது. வட வியட்நாமில் இந்த இலைக்கு ‘லா நெப்’ என்று பெயர், ‘ஒட்டரிசி இலை’ என்று அர்த்தம். ஆய்வகம் சொன்னதைச் சமையலறை முன்பே பெயராக வைத்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. கோதுமை ரொட்டி அடுப்பில் வெந்து அதன் மேலோடு பொன்னிறமாகும்போது வரும் வாசனைக்கும் முக்கியக் காரணம் இதே மூலக்கூறுதான். ஆள்பவனின் ரொட்டிக்கும் ஆளப்படுபவனின் சோற்றுக்கும் ஒரே வாசனை! கோதுமையை நீக்கிவிட்டு, தெரியாமலேயே, ரொட்டியின் உயிர் வாசனையை ஓர் இலை வழியாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வெண்ணிலா மட்டும் பிரெஞ்சா என்ன? மெக்சிகோவின் கொடி அது. மெக்சிகோவுக்கு வெளியே காய்க்காமல் இருந்ததை இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் 1841இல், எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சின்னக் குச்சியால் பூவை மகரந்தச் சேர்க்கை செய்து காய்க்க வைத்தான். பிறகு விடுதலையானபோது எட்மண்ட் ஆல்பியுஸ் என்ற பெயர் வந்தது. பணம் வரவில்லை, 1880இல் வறுமையில் இறந்தார். பிரெஞ்சு வாஃபிளின் ‘அசல்’ வாசனையைத் தோண்டினாலும் கீழே பெயர் தெரியாமல் போகவிருந்த ஒரு கைதான் இருக்கிறது.

இலையை அங்குல நீளத்துக்கு வெட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, துணியில் பிழிந்து ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் கரும்பச்சை அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை ஊற்றிவிட்டு அடிச்சாற்றை எடுக்கவேண்டும். முதல் முறை நான் அவசரப்பட்டு இலையைக் கொதிக்கவைத்தேன். பச்சை பாசி நிறத்துக்குப் போனது, கசப்பும் ஏறியது. பச்சயத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் சூட்டில் கழன்றால் அப்படித்தான் ஆகும்.

கடல்

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. போர் முடிந்தது, ஆனால் தெற்கில் பலருக்கு வேறொன்று தொடங்கியது. அடுத்து வந்த பத்தாண்டுகள் கூப்பன் காலம். அரிசி அளந்து கிடைத்தது. உலகுக்கே அரிசி அனுப்பிய படுகையில் ‘போ போ’ என்ற பெயரில் சோளத்தைச் சோற்றில் கலந்து தின்றார்கள். தனியார் வியாபாரத்துக்குத் தடை. சர்க்கரை, முட்டை எல்லாம் கனவு. பாக் சொன்னார்: “அச்சு அடுப்படியில் தொங்கிச்சு. ஊத்த மாவு இல்லை.” 1986இல்தான் ‘டொய் மொய்’ என்ற சீர்திருத்தம் வந்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

1975க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு லட்சம் வியட்நாமியர் படகுகளில் அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடலில் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. மலேசியாவின் தெரங்கானு கரைக்கு எதிரே பூலாவ் பிடோங் என்ற குட்டித் தீவு. 1978இல் முகாமாக்கப்பட்டது. 1979 ஜூனில் அங்கே நாற்பதாயிரம் பேர் அடைந்து கிடந்தார்கள். பாக் 1980இல் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே இறங்கியவர். இரும்பு அச்சைக் கொண்டுவரவில்லை. “படகுல எடைன்னா உயிரு. இரும்பை யார் தூக்குவா?”

இந்த இடத்தில்தான் என் கேள்வி தலைகீழாகத் திரும்பியது. பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்த ஒரே பொருள் அச்சு. பாக் அதை மீ தொவிலேயே விட்டுவிட்டார். சான் ஹொசேயில் சம்பளம் வாங்கி, தள்ளுபடியில் ஒரு மின்சார வாஃபிள் மெஷின் வாங்கினார். தாய்லாந்து டப்பா தேங்காய்ப்பால், உறைந்த பாண்டன் இலை, தாய்லாந்து மரவள்ளி மாவு. அச்சு உட்பட எல்லாப் பொருளும் மாறிவிட்டது. ஆனாலும் அவர் அம்மா சுட்டதுதான் வந்தது. பிரான்சின் பங்கு என்று அந்தச் சமையலறையில் ஒன்றைத்தான் பார்த்தேன். 11 கிராம் பேக்கிங் பவுடர் அடைத்த இளஞ்சிவப்பு உறை, ‘அல்சா’ என்ற பிரெஞ்சுப் பிராண்ட். “வேற எதுவும் சரியா உப்பாது” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். நல்ல சரக்கு எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வார். கடன் என்று ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்.

சூடு

வீட்டில் செய்பவர்களுக்கு நான் அடிபட்டுக் கற்ற நான்கு விஷயங்கள்.

மாவைக் கரைத்ததும் ஊற்றாதீர்கள். ஒரு மணிநேரம் ஊறட்டும். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், அவசரப்பட்டால் வாயில் மணல் மாதிரி நறநறக்கும். ஊறிய பிறகும் அடியில் தங்கும், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கலக்குங்கள்.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். கரி அடுப்பின் சூடு மெஷினுக்கு லேசில் வராது. முதல் வாஃபிள் ஒட்டும். முதல் தோசை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

மூடியபின் திறக்காதீர்கள். பக்கவாட்டில் ஆவி புசுபுசுவென்று வரும். அது குறைந்து ஏறத்தாழ நின்ற பிறகே திறக்கவேண்டும், எனக்கு ஆறு நிமிடம் பிடிக்கிறது. நடுவில் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து மேலே பாதி, கீழே பாதி என்று ஒட்டிக்கொள்ளும். மூன்று தடவை அப்படி ஆயிற்று.

எடுத்ததைத் தட்டில் அடுக்காதீர்கள். கம்பித்தட்டில் தனித்தனியாக ஆறவேண்டும். இல்லையென்றால் தன் ஆவியிலேயே நனைந்து தொய்ந்துவிடும்.

போன டிசம்பரில் நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டில் இதைச் சுட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஒரு பக்கம் நான் மெஷினோடு மல்லுக்கட்ட, மறுபக்கம் பெரியம்மா அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மாவைப் பார்த்தேன். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை. என் பாத்திரத்தில் இருந்த அதே நான்கு. நீளக் கம்பியின் முனையில் பூ வடிவ இரும்பு. அந்த இரும்பும் ஐரோப்பியக் கப்பலில் நம் கரைக்கு வந்ததுதான், அங்கே கோதுமை மாவிலும் பாலிலும் முக்கியது. வியட்நாமிலும் இந்தப் பூ முறுக்கு உண்டு, ‘பான் ஞுங்’, முக்கியெடுக்கும் பலகாரம்.

“பெரியம்மா, இது எந்த ஊர்ப் பலகாரம்?” என்று கேட்டேன்.

எண்ணெயிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “என்ன கேள்வி மக்களே? நம்ம பலகாரம்.”

பச்சை வாஃபிளில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். “இதுவும் நம்மளுதுதானே? எலை மட்டும் என்னவோ போட்டிருக்கான்.”

எனக்கு பாக் ஞாபகம் வந்தது. இது அவருடையது, பெரியம்மா, மீ தொ சந்தையில் அவருடைய அம்மா கரைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மெஷினின் ஆவி நின்றுவிட்டது. மூடியைத் திறக்கப் போனேன்.